மாற்றுச் சிறுநீரகத்தில் கொழுப்புக் கட்டி: அச்சமே பெரிய ஆபத்து

மருத்துவமனைக்கு வருவோரை நிலைகுலையச் செய்யும் சொற்களுள் 'கட்டி' என்னும் மூன்றெழுத்துச் சொல்லுக்கு நிகர் வேறில்லை. சர்க்கரை என்றாலும் இரத்தக் கொதிப்பு என்றாலும் 'மாத்திரை போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம்' என்று ஆறுதல் கொள்ளும் குடும்பம், கட்டி என்று கேட்ட அன்றிரவு உறங்குவதில்லை. அதிலும், ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸ் செய்து அல்லலுற்று, தாயோ மனைவியோ உடன்பிறந்தாளோ ஈந்த சிறுநீரகத்தால் மறுவாழ்வு பெற்ற ஒருவரின் ஸ்கேன் அறிக்கையில், அந்த மாற்றுச் சிறுநீரகத்திலேயே கட்டி இருப்பதாக ஒரு வரி இடம்பெற்றுவிட்டால், அக்குடும்பம் படும் பாடு சொல்லுந்தரமன்று.

அத்தகைய வரிகளுள் ஒரு வகையைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். மாற்றுச் சிறுநீரகத்தில் அரிதாகக் காணப்படும், புற்றுத்தன்மையற்ற கொழுப்புக் கட்டி அது. என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். இக்கட்டியினால் மாற்றுச் சிறுநீரகத்தை இழப்போர் மிகச் சிலரே. ஆனால், கட்டி என்ற சொல் கிளப்பும் அச்சத்தில் உண்ண வேண்டிய மருந்தை நிறுத்தினாலோ, உண்ணக்கூடாத மருந்தை உண்டாலோ, நல்ல நிலையில் இயங்கும் சிறுநீரகமும் கைவிட்டுப் போகக்கூடும். இதற்கு நோயாளியை மட்டும் குறை கூறுவது முறையன்று. ஸ்கேன் அறிக்கை எழுதப்படும் முறையும், அது எடுத்துரைக்கப்படும் முறையும் மாறியாக வேண்டும்.

சிறுநீரகத்துக்குள் கொழுப்பு எப்படி வந்தது என்பதே பலரும் எழுப்பும் வினா. ஆட்டிறைச்சிக் கடையில் குண்டிக்காய் வாங்கியவர்களுக்கு விடை பாதி தெரியும். ஆட்டின் உடலில் அது வெண்ணிறக் கொழுப்புப் பொதியினுள் புதைந்திருக்கும். கொழுப்பை உரித்து நீக்கிய பின்னரே செம்பழுப்பு நிறக் குண்டிக்காய் வெளிப்படும். அதை நெடுக்காகப் பிளந்தால் நடுக்குழிவிலும் சிறிது கொழுப்பு ஒட்டியிருப்பதைக் காணலாம். மனிதருக்கும் அவ்வாறே. அதிர்ச்சி தாக்காதிருக்க இயற்கை வைத்த மெத்தை அது. மாற்று அறுவையின்போது, கொடையாளரிடமிருந்து எடுத்த சிறுநீரகத்தைப் பனிக்குளிர்ச்சியில் வைத்து, மேற்புறக் கொழுப்பை மருத்துவர்கள் கவனமாக நீக்குவர். நடுக்குழிவில் உள்ளது அப்படியே இருக்கும். ஆகவே, சிறுநீரகத்தில் கொழுப்பு என்பது வேற்றுப் பொருள் புகுந்துவிட்ட செய்தி அன்று.

இங்கே இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். புதிய சிறுநீரகம் முதுகுப்புறத்தில் பொருத்தப்படுவதில்லை. பெரும்பாலும் வலப்பக்க அடிவயிற்றில் பொருத்தப்படுகிறது. பழைய சிறுநீரகங்கள் இரண்டும், தொந்தரவு தராதவரை, இருந்த இடத்திலேயே விடப்படுகின்றன. எனவே மாற்று அறுவை முடிந்தவரின் உடலில் பொதுவாக மூன்று சிறுநீரகங்கள் உள்ளன. அறிக்கையில் கட்டி என்று கண்டால், 'எந்தச் சிறுநீரகத்தில்?' என்பதே கேட்க வேண்டிய முதற்கேள்வி. செயலிழந்து சுருங்கிய பழைய சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் தோன்றுவதுண்டு. பிறரைக் காட்டிலும் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் அங்கே கூடுதல். இக்கட்டுரையில் கூறப்படும் ஆறுதல் மொழிகளை அவற்றுக்குப் பொருத்திப் பார்த்துவிடக் கூடாது.

கொழுப்புக் கட்டி என்று ஒரே பெயரால் சுட்டப்படுபவை உண்மையில் வெவ்வேறானவை. அவற்றுள் முதன்மையானது ஆஞ்சியோமயோலிபோமா. பெயர்தான் நீளம், பொருள் எளிது. இரத்தக்குழாய், தசை, கொழுப்பு ஆகிய மூன்றும் கலந்து திரண்ட கட்டி என்பதே அதன் பொருள். பொதுமக்களுள் ஆயிரம் பேரை ஸ்கேன் செய்து பார்த்தால் ஏறத்தாழ 3 முதல் 5 பேரிடம் இது தென்படும். பெண்களிடம், குறிப்பாக நடுவயதினரிடம், மிகுதி. வலி இராது, அறிகுறி இராது. வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் கண்ணிற்படுவதே வழக்கம். பெரும்பாலானவை ஆண்டுகள் பல கடந்தும் குறிப்பிடத்தக்க அளவில் வளர்வதில்லை. மாற்றுச் சிறுநீரகத்தில் இது காணப்படுவது அரிது. காணப்பட்டால், பல நேரங்களில் கொடையாளரின் உடலில் இருந்தபோதே அது அங்கே இருந்திருக்கும்.

மற்றொன்று, கட்டியே அன்று. சிறுநீரகத்தின் நடுக்குழிவில் இயல்பாக உள்ள கொழுப்பு அளவுக்கு மீறிப் பெருகிய நிலை அது. அறிக்கையில் 'லிப்போமடோசிஸ்' என்னும் பெயரில் வரும். முதுமை, உடற்பருமன், நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து ஆகியவை இதற்குக் காரணமாகலாம். மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர் பலர் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டை உண்பவர்கள். முகம் வட்டமாவதும் பிடரியில் கொழுப்புத் திரள்வதும் அதன் விளைவே என்று அவர்களுக்குத் தெரியும். உள்ளுறுப்புகளைச் சுற்றியும் அதே கொழுப்பு இடம்பெயரக் கூடும் என்பது தெரிவதில்லை. சிலவேளை, நாட்பட்ட நிராகரிப்பினாலோ தொற்றினாலோ கல்லினாலோ சிறுநீரகத் தசை சுருங்கும்; அவ்வாறு காலியான இடத்தைக் கொழுப்பு நிரப்பும். அப்போது கவலைக்குரியது கொழுப்பு அன்று, சுருக்கமே. கொழுப்பு வந்ததால் சிறுநீரகம் கெட்டதாக எண்ணுவது, பாழடைந்த வீட்டில் முளைத்த செடிதான் வீட்டை இடித்தது என்பது போன்றதாகும். இவையன்றி, வெறும் கொழுப்பணுக்களால் ஆன லிப்போமா சிறுநீரக உறையிலிருந்து தோன்றுவதும் உண்டு. அது மிக மிக அரிது. அதனைப் பற்றி இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

எந்த வகையாயினும், 'கொழுப்பு' என்ற சொல்லைக் கேட்டவுடன் வீட்டில் நடப்பது ஒன்றுதான். எண்ணெய் நிறுத்தப்படுகிறது, தேங்காய் நிறுத்தப்படுகிறது, அடுப்பில் கொள்ளு ஏறுகிறது. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்னும் பழமொழி உடற்பருமனுக்குப் பொருந்துமோ பொருந்தாதோ, சிறுநீரகக் கட்டிக்குப் பொருந்தாது. ஆஞ்சியோமயோலிபோமாவில் உள்ள கொழுப்பு, தட்டிலிருந்து வந்ததன்று. கட்டியின் அணுக்களே ஆக்கிக்கொண்டது. உணவைக் குறைத்து அதைக் கரைக்க இயலாது.

கொள்ளோடு நின்றால் பெரிய தீங்கில்லை. 'கட்டியைக் கரைக்கும்' கசாயங்களையும் சூரணங்களையும் நாடுவதே அஞ்சத்தக்கது. நம் மாவட்டத்தின் வறண்ட நிலங்களில் ஆடுதின்னாப்பாளை என்னும் செடி முளைத்துக் கிடப்பதைப் பலரும் கண்டிருப்பர். பூச்சிக்கடிக்கும் தோல் நோய்க்கும் அதை ஊர்ப்புறங்களில் வழங்குவதுண்டு. அச்செடியின் குடும்பத்தில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்னும் நஞ்சு உள்ளது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில், உடல் மெலிவதற்கென அளிக்கப்பட்ட மூலிகைக் கலவையில் அதே குடும்பத்துச் செடி கலந்துவிட, அதை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தனர். பின்னர் அவர்களுள் சிலருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் கண்டது. 1993-ஆம் ஆண்டு மருத்துவ இதழில் இச்செய்தி வெளிவந்த பிறகே உலகம் விழித்துக்கொண்டது. சித்த மருத்துவத்தை இழித்துரைப்பது என் நோக்கமன்று. ஒரே ஒரு மாற்றுச் சிறுநீரகத்தை நம்பி வாழ்பவர், அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத எதையும் உண்ணலாகாது என்பதே நான் வலியுறுத்துவது. தீங்கற்றதென்று தோன்றும் மூலிகைகூட டாக்ரோலிமஸ் போன்ற மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். கூடினால் அம்மருந்தே சிறுநீரகத்துக்கு நஞ்சு, குறைந்தால் நிராகரிப்பு.

இதைவிடக் கொடியது, மாத்திரையை அறவே நிறுத்திவிடுவது. 'எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தால்தான் கட்டி வந்தது. அதை விட்டால் கட்டி போய்விடும்' என்று எவரேனும் சொல்லிவிடுகிறார்கள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் நம்பத் தோன்றுகிறது. எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளை நெடுநாள் உண்போருக்குச் சிலவகைப் புற்றுநோய்கள் வரும் வாய்ப்பு கூடுவது மெய்யே. ஆனால் நாம் பேசும் கொழுப்புக் கட்டி அவ்வகையைச் சேர்ந்ததன்று. மாத்திரையை நிறுத்தினால் கட்டி போகாது, சிறுநீரகம்தான் போகும்.

இத்தகைய அச்சம் நம் மக்களிடம் வேரூன்றியதற்குக் காரணம் இல்லாமலில்லை. கட்டி என்றால் மரணம் என்றிருந்த காலத்தை இந்த ஊரே அறியும். புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்து, மன்னர் கல்லூரியின் முதல் மாணவியாய்ப் பயின்று மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரமே, பிற்காலத்தில் அவர் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவத் தூண்டுகோலாயிற்று. அம்மருத்துவமனை 1954-ஆம் ஆண்டு சூன் திங்களில் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டு திசம்பர் 23 அன்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி, உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவையை ஜோசப் முர்ரே நிகழ்த்தினார். இவ்விரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் ஆண்டு ஒன்றாயிருப்பதை எண்ணிப் பார்க்கிறேன். 1971-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மாற்று அறுவை வெற்றி பெற்றது. இன்று மருந்தும் ஸ்கேனும் எவ்வளவோ முன்னேறிவிட்டன. கட்டி என்ற சொல் மட்டும் 1954-க்கு முன்பிருந்த அதே பொருளில் நம் வீடுகளில் உலவுகிறது.

இனி, கட்டியில் இருப்பது கொழுப்புத்தான் என்று எப்படி உறுதி செய்வது? அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கொழுப்பு மிகுந்த கட்டி வெண்மையாய்ப் பளிச்சிடும். ஆனால் சிறிய புற்றுக்கட்டிகளுள் சிலவும் அவ்வாறே பளிச்சிடுவதுண்டு. எனவே மாற்றுச் சிறுநீரகத்தில் முதன்முறையாக ஒன்று தென்படும்போது, அல்ட்ராசவுண்டோடு நின்றுவிடாமல் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. மூலம் உறுதி செய்துகொள்வது நல்லது. நீரின் அடர்த்தியை 0 என்று வைத்து அளக்கும் சி.டி. அளவுகோலில் கொழுப்பு மட்டும் 0-க்குக் கீழே சென்றுவிடும். கீழே செல்கிறது என்று கண்டால், பெரும்பாலும் ஐயம் தீர்ந்தது. இதற்குச் சாய மருந்து ஏற்ற வேண்டிய கட்டாயமில்லை. சாயமின்றியே கொழுப்பு தெரியும். 'சி.டி. எடுத்தால் சாயம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்' என்று அஞ்சிப் பரிசோதனையையே தவிர்ப்போர் இதனை அறிய வேண்டும். சாயம் வேண்டுமா என்பதைச் சிறுநீரக மருத்துவரே முடிவு செய்யட்டும். கொழுப்பு தென்படாத கட்டி, சுண்ணம் படிந்த கட்டி, விரைந்து வளரும் கட்டி ஆகியவற்றை மட்டும் தீங்கற்றவை என்று பார்வையாலேயே தீர்ப்பளிக்க முடியாது. திசுப் பரிசோதனை தேவைப்படலாம்.

கொழுப்புக் கட்டி என்று உறுதியான பின்னர் எஞ்சும் கவலை ஒன்றே: இரத்தக்கசிவு. ஆஞ்சியோமயோலிபோமாவில் உள்ள இரத்தக்குழாய்கள் இயல்பான வலிவுடையவை அல்ல, சில புடைத்துக்கொள்ளும், அரிதாக வெடிக்கும். 1986-இல் வெளிவந்த ஓர் ஆய்வைத் தொடர்ந்து, 4 சென்டிமீட்டர் என்பது எல்லைக்கோடாகக் கொள்ளப்பட்டது. அதற்கு மேற்பட்டால் சிகிச்சை, கீழ்ப்பட்டால் கண்காணிப்பு என்பது அன்றைய விதி. இன்று அவ்விதி சற்றுத் தளர்ந்திருக்கிறது. 4 சென்டிமீட்டரைக் கடந்தும் அமைதியாய் இருப்பவை பல. கட்டியின் உள்ளே இரத்தக்குழாய்ப் புடைப்பு 5 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளதா, நோயாளி கருவுற்றிருக்கிறாரா, அடிபட வாய்ப்புள்ள தொழில் செய்பவரா என்பனவும் இப்போது கருதிப் பார்க்கப்படுகின்றன. சிகிச்சை தேவைப்படும்போதும் சிறுநீரகத்தையே எடுத்துவிடுவது முதல் வழியன்று. தொடைவழியே மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டிக்குச் செல்லும் இரத்தக்குழாயை மட்டும் அடைத்துவிடலாம். கட்டியை மட்டும் வெட்டியெடுக்கவும் இயலும்.

பெரும்பாலோருக்கு இவை எதுவும் தேவைப்படுவதில்லை. ஆண்டுக்கொரு முறை ஸ்கேன் எடுத்து அளவைக் குறித்துவைப்பதே போதும். 'ஒன்றும் செய்யாமல் அனுப்பிவிட்டார்கள்' என்று இதைக் குறைபடுவோர் உண்டு. கவனித்துக் காத்திருப்பதும் சிகிச்சையே என்பதை மனம் ஏற்பதில்லை. கத்தியோ ஊசியோ இல்லாதது வைத்தியமாகத் தோன்றுவதில்லை போலும்.

அறிவியல் வரலாற்றில் இக்கட்டியையும் மாற்றுச் சிறுநீரகத்தையும் இணைக்கும் வியத்தகு நிகழ்ச்சி ஒன்று உண்டு. பசிபிக் பெருங்கடலின் நடுவே தனித்துக் கிடப்பது ஈஸ்டர் தீவு. அங்கு வாழ்வோர் அதனை ராப்பா நூயி என்பர். 1964-இல் கனடாவிலிருந்து அங்குச் சென்ற ஆய்வுக்குழு அள்ளிவந்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து, இந்தியாவில் கல்வி கற்றுக் கனடாவில் பணியாற்றிய சுரேன் சேகல் என்னும் அறிவியலாளர் ஒரு மருந்தைப் பிரித்தெடுத்தார். தீவின் பெயராலேயே அது ராபமைசின் எனப்பட்டது. பூஞ்சையைக் கொல்லும் மருந்தாகவே முதலில் கருதப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் நிறுவனம் அவ்வாய்வகத்தை மூடியபோது, அந்நுண்ணுயிரைச் சேகல் தம் வீட்டு உறைபெட்டியில் வைத்துக் காப்பாற்றினார். அவர் அவ்வாறு காத்திராவிட்டால் இம்மருந்து நமக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. 1999-இல், மாற்றுச் சிறுநீரகம் நிராகரிக்கப்படாமல் தடுக்கும் மருந்தாக, சிரோலிமஸ் என்னும் பெயரில், அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. 2008-இல் வெளியான ஆய்வொன்றில், டியூபரஸ் ஸ்கிலிரோசிஸ் உள்ளிட்ட அரிய நோய்களால் ஆஞ்சியோமயோலிபோமா கண்டவர்களுக்கு ஓராண்டு அம்மருந்தைத் தந்தபோது, கட்டிகளின் கன அளவு ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. நிறுத்தியபின் மீண்டும் பெருகத் தொடங்கியது. அதன் உறவான எவரோலிமஸ், டியூபரஸ் ஸ்கிலிரோசிஸ் நோயாளிகளின் சிறுநீரகக் கட்டிக்கென 2012-இல் ஒப்புதல் பெற்றது. நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரையே கட்டியை வளர்க்கிறது என்று அஞ்சுவோர்க்கு, அம்மாத்திரைகளின் குடும்பத்தில் ஒன்றே இக்கட்டியைச் சுருக்குகிறது என்பதைவிடத் தக்க விடை வேறென்ன வேண்டும்? இதைப் படித்துவிட்டு மருந்தை மாற்றித் தருமாறு எவரும் வற்புறுத்த வேண்டாம். புண் ஆறுவதைத் தாமதப்படுத்துதல், இரத்தக் கொழுப்பைக் கூட்டுதல் போன்ற பக்கவிளைவுகள் அதற்கும் உண்டு.

டியூபரஸ் ஸ்கிலிரோசிஸ் என்று குறிப்பிட்டேன். இது மரபணு வழி வரும் அரிய நோய். முகத்தில் சிறு பருக்கள் போன்ற தடிப்பு, தோலில் வெளிறிய திட்டுகள், வலிப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். இந்நோயினரிடம் ஆஞ்சியோமயோலிபோமா இரண்டு சிறுநீரகங்களிலும் பலவாகத் தோன்றும், வளரும். பெற்றோருள் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சரிபாதி. இக்குடும்பங்களில் உடன்பிறந்தார் ஒருவர் சிறுநீரகம் தர முன்வந்தால், அவருக்கும் அந்நோய் மறைந்திருக்கிறதா என்று ஆராய்ந்த பின்னரே ஏற்பர்.

கொடையாளர் என்ற பேச்சு வந்துவிட்டதால், என் நெஞ்சை மிகவும் உறுத்தும் ஒன்றைக் கூறியாக வேண்டும். இந்தியாவில் உயிருடன் இருக்கும்போதே சிறுநீரகம் தருவோரில் மிகப் பெரும்பான்மையர் பெண்கள்: தாய், மனைவி, அக்காள், தங்கை. ஆஞ்சியோமயோலிபோமாவும் நடுவயதுப் பெண்களிடமே மிகுதி. ஆகவே, அம்மா தந்த சிறுநீரகத்தில் அம்மாவின் சிறு கட்டியும் சேர்ந்து வருவது அரிதெனினும் நிகழக்கூடியதே. பல ஆண்டுகளுக்குப் பின் அது ஸ்கேனில் தென்படும்போது, 'அவள் கொடுத்ததிலேயே கோளாறு இருந்திருக்கிறது' என்று உறவினர் ஒருவர் வாய்தவறிச் சொன்னால் போதும். தன் உடலிலிருந்து ஓர் உறுப்பை ஈந்த பெண், அதன்பின் குற்றவாளிபோல் மூலையில் ஒடுங்கிப் போவாள். இதைப் போன்ற கொடுமை வேறில்லை. கொடையாளரின் உறுப்பில் சிறு கொழுப்புக் கட்டி இருந்தது, அவரது குற்றமும் அன்று, குறையும் அன்று. அந்தப் பேச்சைத் தொடக்கத்திலேயே தடுக்க வேண்டியது வீட்டில் உள்ள மூத்தோரின் கடமை.

மாற்று அறுவையில் எழுதப்படாத அறம் ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதை மீறுவதில்லை. இரண்டு சிறுநீரகங்களுள் ஒன்று சற்றுக் குறையுடையதாயின், நல்லது கொடையாளருக்கே, மற்றதே பெறுபவருக்கு. ஈந்தவர் எந்நிலையிலும் நலிந்துவிடக் கூடாது என்பதே அதன் உட்பொருள். அவ்வகையில், சிறு கொழுப்புக் கட்டி உள்ள சிறுநீரகத்தைத் தெரிந்தே பொருத்திய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. சிலவற்றில், உடலுக்கு வெளியே பனிக்குளிர்ச்சியில் வைத்திருந்தபோதே கட்டியை அகற்றிவிட்டுப் பொருத்தினர். சிலவற்றில், சிறியதாகையால் அப்படியே விட்டுக் கண்காணித்தனர். கொழுப்புக் கட்டி இருக்கிறது என்பதற்காகவே ஒரு சிறுநீரகத்தை ஒதுக்கித் தள்ளுவது தவறு என்பதே என் துணிபு. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளை ஈந்ததன் பின் தமிழகத்தில் உறுப்புக் கொடை பேரியக்கமாக வளர்ந்தது. 2023 செப்டம்பர் முதல், அவ்வாறு ஈந்தோரின் உடலுக்கு அரசு மரியாதை செலுத்தப்படும் எனத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. இருந்தும் சிறுநீரகத்துக்காகப் பதிவு செய்துவிட்டு ஆயிரக்கணக்கானோர் காத்திருக்கின்றனர். அந்நிலையில், அகற்றிவிடக்கூடிய ஒரு சிறு கட்டியைக் காரணம் காட்டி உறுப்பை வீணாக்க நமக்கு உரிமை இல்லை. பெறுபவருக்கு அதை முன்கூட்டியே விளக்கி ஒப்புதல் பெற வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

முன்கூட்டியே விளக்குதல் என்பதில்தான் நம் மாவட்டத்து நோயாளிகளின் தனித்த இடர் இருக்கிறது. இங்குள்ளோர் சென்னை, மதுரை, திருச்சி, வேலூர் என வெளியூர்களில் மாற்று அறுவை செய்துகொண்டு திரும்புகின்றனர். பின்னர் எடுக்கும் ஸ்கேன்கள் அறந்தாங்கியில் ஒன்று, பொன்னமராவதியில் ஒன்று, புதுக்கோட்டையில் ஒன்று என்று சிதறிக் கிடக்கும். முதல் ஸ்கேன் படம் அறுவை நடந்த ஊரிலேயே தங்கிவிடும். 2017-இல் தொடங்கப்பெற்ற புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிக்கு ஒருவர் வந்து, 14 மில்லிமீட்டர் கட்டி என்ற அறிக்கையை நீட்டினால், அது நேற்று முளைத்ததா, பத்தாண்டுகளாக இருப்பதா என்று எந்த மருத்துவராலும் கூற இயலாது. பழைய படம் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும் ஐயம் அது. அது மட்டுமன்று. ஓரிடத்தில் 11 என்றும் வேறோரிடத்தில் 14 என்றும் எழுதியிருந்தால் கட்டி வளர்ந்துவிட்டதென்று கலங்குகின்றனர். அளப்பவரும் கருவியும் மாறினால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாறுவது இயல்பு. இயன்றவரை ஒரே இடத்தில், ஒரே வகை ஸ்கேன் எடுத்துக்கொள்வது இக்குழப்பத்தைத் தவிர்க்கும்.

மருத்துவமனைகளிடமும் ஸ்கேன் மையங்களிடமும் நான் கேட்பது அதிகமன்று. அறுவை முடிந்து வீடு திரும்பும் நாளில், பொருத்தப்பட்ட சிறுநீரகத்தின் முதல் ஸ்கேன் விவரத்தை நோயாளியின் கையேட்டிலேயே எழுதித் தர வேண்டும். மூளைச்சாவடைந்தவர் தந்த உறுப்பாயின், கொடையாளர் யார் என்பது மறைக்கப்பட வேண்டியதே. உறுப்பில் என்ன இருந்தது என்பது மறைக்கப்பட வேண்டியதன்று. ஸ்கேன் அறிக்கையில் ஆங்கில வரிகளுக்குக் கீழே தமிழில் இரண்டு வரி இருக்கட்டும்: கட்டி எந்தச் சிறுநீரகத்தில் உள்ளது, எவ்வளவு பெரியது, கொழுப்பு உறுதியாகத் தெரிகிறதா, அடுத்து யாரைக் காண வேண்டும். உறையை ஒட்டி நோயாளியிடம் நீட்டிவிட்டால், பேருந்து நிலையத்திலேயே அதைப் பிரித்து, கைப்பேசியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி, வீடு சேருமுன் அவர் தமக்குத் தாமே மரண தண்டனை விதித்துக்கொள்கிறார். இரண்டு வரித் தமிழ் அதைத் தடுக்கும். செலவு ஏதுமில்லை, மனம் வேண்டும்.

சிறுநீரகம் தந்தவரும் ஒரு முறை ஸ்கேன் செய்துகொள்வது நன்று. அவரிடம் எஞ்சியிருப்பது ஒன்றே. அதிலும் அதுபோன்ற கட்டி உண்டா என்று தெரிந்துகொள்வதில் இழப்பு ஏதுமில்லை. பெரும்பாலும் இராது.

கட்டி இருப்பது உறுதியானவர்கள் அறிந்திருக்க வேண்டிய அபாயக் குறிகள் சில உள. மாற்றுச் சிறுநீரகத்தின் நரம்புகள் அறுவையின்போது துண்டிக்கப்பட்டவை. ஆதலால் அது பழைய சிறுநீரகத்தைப் போல் வலியால் எச்சரிப்பதில்லை. பொருத்திய இடம் திடீரெனப் புடைத்தல், தொட்டால் நோதல், சிறுநீர் செந்நிறமாதல், தலைசுற்றி வியர்த்துக் கண் இருளுதல், சிறுநீரின் அளவு சட்டெனக் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். பொருத்திய இடத்தில் அடிபட்டாலும் அவ்வாறே. அவசரப் பிரிவுக்குள் நுழைந்தவுடன் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதற்செய்தி, 'அடிவயிற்றில் மாற்றுச் சிறுநீரகம் இருக்கிறது. அதில் கொழுப்புக் கட்டி உண்டு' என்பது. பணியில் இருக்கும் மருத்துவர் உங்களை முன்பின் அறியாதவராயிருக்கக் கூடும். அவர் முதுகுப்புறச் சிறுநீரகங்களைப் பார்த்துக்கொண்டிருக்க நேரிடலாம். உடன் வருபவர் மறவாமல் கையில் எடுத்துவர வேண்டியவை இரண்டு: அன்றாட மாத்திரைகளின் பட்டியல், கடைசியாக எடுத்த ஸ்கேன் அறிக்கை.